ட்ரௌட் மீனுக்கு வெட் ஃப்ளை கட்டுதல்: நீலகிரியில் புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

உதகையில் குடியிருந்துகொண்டு ட்ரௌட் மீனுக்கான வெட் ஃப்ளை கட்டப் பழகுவதற்கு எனக்கு 9 மாதங்களும் ரூ.11,000மும் செலவாயின. ஒழுங்கான வரிசையில் தொடங்கியிருந்தால் சில வாரமும் ரூ.3,400மும் போதுமாயிருந்திருக்கும். எந்தக் கடைக்கு முதலில் போவது, எந்த இறகைத் தொடவே கூடாது, எந்த வேலைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை எவரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. எனவே நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

தூண்டில் முள்ளின்மேல் நூலையும் இறகையும் சுற்றி, தண்ணீருக்குள் மூழ்கிய பூச்சியைப்போலத் தோன்றும்படி கட்டுவதே வெட் ஃப்ளை. நீரின்மேல் மிதப்பது டிரை ஃப்ளை. இரண்டுக்கும் தேவையான இறகின் தன்மை நேர் எதிரானது. கடையில் ‘ஃப்ளை கட்டும் இறகு’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

1. எந்த இறகை வைத்திருக்கலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ஆங்கிலேயச் செய்முறைகளைப் படிக்கத் தொடங்கியதும் ‘ஜங்கிள் காக்’ என்ற இறகு அடிக்கடி கண்ணில் படும். கழுத்திறகின் நடுவில் உருக்கிய மெழுகைச் சொட்டுவிட்டதுபோன்ற மஞ்சள் புள்ளி உள்ள அந்த இறகு, நம் சோலைகளின் ஓரத்தில் விடியற்காலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடையது. நீங்கள் ஃப்ளை கட்டுவது தெரிந்தால், எங்கேயோ கிடைத்ததாகச் சொல்லி யாராவது ஒரு கழுத்துத் தோலைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதை விலைக்கும் வாங்காதீர்கள், இலவசமாகவும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட பறவை. கௌதாரி, மீன்கொத்தி, உள்ளான் ஆகியவற்றின் இறகுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். செய்முறையில் அந்த இறகு கேட்கப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டுக் கட்டுங்கள். அந்த மஞ்சள் புள்ளி இல்லாமல் நான் கட்டியவையே எனக்கு மீன் பிடித்துத் தந்தன.

மயிலிறகு மட்டும் விதிவிலக்கு. மயில் பாதுகாக்கப்பட்ட பறவையேயானாலும், அதன் தோகை இறகை உள்நாட்டில் வாங்க விற்கச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே, கட்டிய ஃப்ளையை அயல்நாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பும் ஆசை இருந்தால் மயில் இழை சேர்ந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இறகு வரவழைப்பது இரண்டாவது பொறி. பதனிட்ட கோழிக் கழுத்துத் தோல் இரண்டை ரூ.4,200 கொடுத்து இணையத்தில் வாங்கினேன். கூரியர் நிறுவனம் முதலில் ஆதார் நகலையும் பான் அட்டை நகலையும் கேட்டது. கொடுத்த பிறகு, கால்நடைப் பொருள் இறக்குமதிக்கான சுகாதார அனுமதியைச் சுங்கத்தில் கேட்பதாகக் கடிதம் வந்தது. பொழுதுபோக்குக்காக இரண்டு தோல் வாங்கிய ஒருவன் அந்த அனுமதியை எங்கே போய்ப் பெறுவது? ஏழு வாரம் அலைந்து, பொட்டலத்தைக் கைவிட்டேன். முள்ளையும் கருவியையும் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அடையாளச் சான்றும் வரியும் மட்டுமே பிரச்சினை. இறகை வெளியே தேடத் தேவையே இல்லை. நமக்கு வேண்டியது உதகைச் சந்தையிலேயே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

2. கருவிகள்: நான்கு போதும்

முள்ளை அசையாமல் பற்றிக்கொள்ளும் மேசை வைஸ்தான் பெரிய செலவு. இந்தியாவிலேயே செய்யப்படும் சாதாரண வகையை ரூ.1,800க்கு வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் ஒரு 12ஆம் எண் முள்ளைப் பொருத்தி, அதன் கண்ணை (நரம்பு கோர்க்கும் துளையை) விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். முள் வளைந்து நிமிரலாம், தாடைக்குள் வழுக்கக் கூடாது. வழுக்கினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அரம் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பும் கெடுவைத் தவறவிட்டவன் நான்.

நூல் கண்டைப் பிடித்துக்கொள்ளும் பாபினும், இறகின் நுனியைக் கவ்வும் ஹேக்கிள் பிளையரும் சேர்த்து ரூ.450 ஆயிற்று. பாபினின் குழாய் விளிம்பில் பிசிறு இருந்தால் ஒவ்வொரு பத்தாவது சுற்றுக்கும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். உங்கள் கைதான் முரடு என்று நினைத்து மனம் நோகாமல், குழாயின் வாயில் ஒரு பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் குற்றம் குழாயுடையது. கூர்மையான சிறு கத்தரிக்கோல் ரூ.120க்குத் தையல் சாமான் கடையில் கிடைக்கும். அதைக் கம்பி வெட்டப் பயன்படுத்தாதீர்கள். முடிச்சுப் போடுவதற்கென்று விற்கும் கருவியை வாங்க வேண்டாம். ரீஃபில் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் முனைக் கூம்பு அதே வேலையைச் செய்யும்.

3. முள்: எண்ணைச் சரியாகப் படியுங்கள்

எண் பெரிதானால் முள் சிறிதாகும். 10ஐவிட 14 சிறியது. ஆனால் பூஜ்யத்தோடு சேர்த்து எழுதும் கடல் தூண்டில் முட்களில் எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். இந்தக் குழப்பத்தில் கெளுத்தி மீனுக்கான முள் 50ஐ வாங்கிவந்து, இன்றைக்கும் அவற்றில் சாவி மாட்டிக்கொண்டிருக்கிறேன். சாதாரண மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கும் முள் பெரும்பாலும் தண்டு நீளமாகவும் கம்பி தடித்தும் இருக்கும். வெட் ஃப்ளைக்கு வேண்டியது கண் கீழ்நோக்கி வளைந்த, தண்டு நீளாத, மூழ்குவதற்கேற்ற கனமுள்ள முள். முஸ்டாட் 3906 என்று கேட்டால் சரியான வகை வரும். தொடக்கத்துக்கு 10ஆம் எண்ணில் 25 முள் உள்ள ஒரு பொட்டலம் போதும். எனக்கு ரூ.350 ஆயிற்று. கண்ணுக்கும் விரலுக்கும் பழக்கம் வந்தபின் 12க்கும் 14க்கும் இறங்கலாம்.

ஒவ்வொரு முள்ளையும் கட்டுவதற்கு முன்பு கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறாமல் வழுக்கும் முள்ளை ஒதுக்குங்கள். நுனிக்கருகில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இப்போதே சிறு குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவது நல்லது. மீனின் வாயிலிருந்தும், அதைவிட அடிக்கடி உங்கள் சட்டைக் கையிலிருந்தும், எளிதாகக் கழற்றலாம். கட்டி முடித்தபின் அழுத்தி முள் உடைந்தால் இருபது நிமிட உழைப்பு அதோடு போய்விடும்.

4. பொருள் சேகரிப்பு: ஏறக்குறைய இரண்டு வாரம் இதற்கே வேண்டும்

வெட் ஃப்ளைக்கு மென்மையான, நீரை உறிஞ்சும் இறகு வேண்டும். அது பெட்டைக் கோழியின் கழுத்தில் இருக்கிறது. சேவலின் கழுத்திறகு பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருப்பதால் ஃப்ளையை மிதக்கவைக்கும். அழகில் மயங்கி மூன்று மாதம் சேவல் இறகிலேயே கட்டிவிட்டு, என் ஃப்ளை ஏன் மூழ்குவதில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். இறகின் இழைகளை உதட்டில் ஒற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்: சேவலுடையது குத்தும், பெட்டையுடையது படியும்.

சந்தையில் கறுப்பு நாட்டுப் பெட்டைக்கோழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அறுக்கும் முன்பே கடைக்காரரிடம் கழுத்துத் தோலை இறகோடு தனியாக உரித்துத் தரும்படி சொல்லிவிடுங்கள். வெந்நீரில் முக்கியபின் சொன்னால் பயனில்லை. எனக்கு ரூ.450 ஆனது. கறி குழம்புக்குப் போனதால் அந்தச் செலவை வீட்டில் எவரும் கேள்வி கேட்கவில்லை. பிராய்லர் இறகு வேண்டாம். அது வெள்ளையாக மட்டுமே கிடைக்கும், தரமும் போதாது.

வீட்டுக்கு வந்ததும் தோலின் உட்புறக் கொழுப்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய வெங்காரத்தைப் பொடித்து அழுந்தத் தேய்த்து, அட்டையில் குண்டூசியால் விரித்துக் குத்தி, நிழலில் ஐந்து நாள் உலர்த்துங்கள். உலர்ந்தபின் இறகுப் பக்கத்தை மட்டும் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் துடைத்துக் காயவையுங்கள். பிறகு காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் மூன்று நாள், வெளியே ஒரு நாள், மறுபடி மூன்று நாள் வைத்தால் பேனும் அதன் முட்டையும் அழியும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலால் தவிர்த்த ஒரு முறை, பெட்டியிலிருந்த எல்லா இறகும் பூச்சி அரித்து நாராகிவிட்டது. அவசரமானால் தோல் உலரும் வரை காத்திராமல், இருபது இறகை மட்டும் பிடுங்கிக் கழுவி, இரண்டு நாளில் வேலையைத் தொடங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஆனியிலிருந்து ஆவணி வரையிலும் இங்கே எதுவும் காயாது. அடுப்பங்கரைக்கு மேலுள்ள பரண்தான் பாதுகாப்பான இடம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டுப்பாடு இருப்பதும் ஒருவகையில் நன்மையே. பையில் கட்டிவைத்த இறகு வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பிஸ்கட் டின்னில் காகிதம் விரித்து இரண்டு பாச்சை உருண்டையோடு வைத்தது கெடாமல் இருக்கிறது.

மற்றவை எளியவை. முருகன் கோயில் வாசல் கடைகளில் மயிலிறகு கிடைக்கும். மூன்று இறகு ரூ.60க்கு வாங்கினேன். தோகைக் கண்ணுக்குக் கீழே நீண்டிருக்கும் செம்புப் பச்சை இழைகள்தான் நமக்கு வேண்டியவை. இழையை மடக்கிப் பார்த்து, ஒடிந்தால் பழைய சரக்கு என்று விட்டுவிடுங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் 36ஆம் கேஜ் தாமிரக் கம்பி ஒரு பிடி கேளுங்கள். ரூ.30 கொடுத்தேன். இயந்திர எம்பிராய்டரிக்குப் பயன்படும் மெல்லிய கறுப்பு நூல் ஒரு கண்டு ரூ.40. சாதாரணத் தையல் நூல் தடிமன் அதிகம். வழுக்காமலிருக்க நூலில் தடவக் கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் தேன்மெழுகு ரூ.50க்கு ஒரு துண்டு, ஃப்ளையின் தலையில் பூச நிறமில்லா நெயில் பாலிஷ் ரூ.40. வெள்ளிப்பட்டை தேவைப்படும் ஃப்ளைகளைப் பிற்பாடு கட்டும்போது ஜவுளிக் கடைச் சரிகை நூல் இருக்கிறது.

5. முதல் ஃப்ளை: பிளாக் அண்ட் பீகாக் ஸ்பைடர்

மயில் இழையால் உடல், கறுப்புப் பெட்டை இறகால் கால்கள். வாலும் இல்லை, சிறகும் இல்லை. நம் ஊர்ப் பொருளிலேயே முழுதாக அமைவது இது. எனவே வேறெதையும் தொடாமல் இதையே பன்னிரண்டு கட்டுங்கள். வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: புதியவர் கட்டும் ஃப்ளையில் எல்லாமே அதிகமாக இருக்கும். நூல் அதிகம், இழை அதிகம், இறகு அதிகம். தண்ணீரில் அது பூச்சியாக இருக்காது, பாத்திரம் தேய்க்கும் நாராக இருக்கும்.

முள்ளின் வளைவை வைஸின் தாடையில் பொருத்தி, தண்டு கிடைமட்டமாக நிற்கும்படி இறுக்குங்கள். மெழுகு தடவிய நூலைக் கண்ணுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் விட்டுத் தொடங்கி, நூலின்மேல் நூல் ஏறி அதுவே தன்னைப் பூட்டிக்கொள்ளும்படி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, எஞ்சிய நுனியை வெட்டுங்கள். அந்த 3 மில்லிமீட்டரை இறுதிவரை காலியாக வைத்திருப்பதுதான் இந்தக் கலையின் பாதி. அதை விட்டுக்கொடுத்தால் முடிவில் தலைக்கு இடமின்றி நூல் கண்ணை அடைத்துக்கொள்ளும். என் முதல் பதினைந்து ஃப்ளைகளில் ஒன்றுக்குக்கூடத் தூண்டில் நரம்பு கோர்க்க வழி இருக்கவில்லை.

நூலை அடுத்தடுத்து ஒட்டிச் சுற்றியபடி எதிர்முள்ளுக்கு நேர்மேலே வரை கொண்டுசெல்லுங்கள். அங்கே 8 சென்டிமீட்டர் தாமிரக் கம்பியை நான்கு சுற்றால் கட்டுங்கள். மயில் இழை மூன்றை எடுத்து, எளிதில் ஒடியும் நுனி 2 சென்டிமீட்டரை வெட்டியெறிந்து, வெட்டிய முனையை அதே இடத்தில் கட்டுங்கள். நூலை மட்டும் முன்னே கொண்டுவந்து, விட்டுவைத்த இடைவெளிக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தித் தொங்கவிடுங்கள். இப்போது மூன்று இழைகளையும் ஒன்றாக, முறுக்காமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முன்னோக்கிச் சுற்றி வந்து நூலால் மூன்று சுற்றுப் பூட்டுங்கள். மிச்சத்தை வெட்டுங்கள்.

அடுத்தது கம்பி. இழையை எந்தத் திசையில் சுற்றினீர்களோ அதற்கு எதிர்த்திசையில் இடைவெளி விட்டு நான்கு சுற்று. ஒரே திசையில் சுற்றினால் கம்பி இழைகளுக்கு நடுவே புதைந்து பயனற்றுப்போகும். ட்ரௌட்டின் பல் கூரியது. கம்பி இல்லாத மயில் உடல் இரண்டாவது மீனைப் பிடிக்குமுன்பே அவிழ்ந்து தொங்கும். பூட்டியபின் கம்பியை வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டினால் அடியோடு முறிந்துவிடும். கத்தரிக்கோலும் பிழைக்கும்.

இனி இறகு. அதன் இழையை உடலோடு பிடித்துப் பார்க்கையில் முள்ளின் வளைவு வரை எட்ட வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. அடியிலுள்ள பஞ்சுபோன்ற பகுதியை உரித்துவிட்டு, நுனியில் சிறு முக்கோணம் மட்டும் மிஞ்சும்படி மற்ற இழைகளைப் பின்னோக்கி நீவிவிடுங்கள். அந்த நுனியை, இறகின் பளபளப்பான புடைத்த பக்கம் கண்ணை நோக்கியிருக்கும்படி கட்டுங்கள். மாற்றிக் கட்டினால் கால்கள் முன்பக்கம் விரிந்து குடைபோல நிற்கும். தண்டின் அடிமுனையை பிளையரால் கவ்வி, ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகளை ஈரவிரலால் பின்னே நீவியபடி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இரண்டுதான். மூன்றாவது சுற்றுக்கு இறகு மீதமிருப்பதும் கை துறுதுறுப்பதும் எனக்குத் தெரியும், வெட்டிவிடுங்கள்.

நூலால் பூட்டி, சிறிய தலை அமைத்து, பேனாக் கூம்பில் நூலைச் சுற்றி அதன் முனையை முள்ளின் கண்ணில் வைத்துக் கண்ணியைத் தலைமேல் நழுவவிடுங்கள். இப்படி நான்கு முடிச்சு. ஊசி நுனியால் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து, அது காயும் முன்பே கண்ணுக்குள் ஓர் இறகுத் தண்டைச் செலுத்தி இழுத்துத் துவாரத்தைத் திறந்துவிடுங்கள். மூடுபனி நாளில் பூசினால் மேலே வெள்ளையாகப் படரும். வெயில் வந்த நாளில் இரண்டாம் பூச்சு கொடுத்தால் போதும்.

முதல் ஃப்ளைக்கு 50 நிமிடமாகும். இருபதாவதுக்கு 10 நிமிடம். மோசமாக வந்தவற்றை எறியாமல், பிளேடால் நூலைக் கீறி உரித்தால் முள் திரும்பக் கிடைக்கும். பன்னிரண்டு கட்டி முடித்த மறுநாள் முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் பொருள் பாதிகூட இருக்காது.

6. கண்ணாடி டம்ளர்ச் சோதனை

டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நரம்பில் கட்டிய ஃப்ளையை எச்சில் தொட்டு நனைத்து உள்ளே விடுங்கள். உடனே மூழ்க வேண்டும். மெல்ல இழுத்தால் கால்கள் உடலோடு படிந்து, நிறுத்தியதும் விரிய வேண்டும். மிதந்தால் சேவல் இறகு கலந்திருக்கிறது, அல்லது இறகில் கொழுப்பு இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்றால் உடல் சமமாகச் சுற்றப்படவில்லை.

7. அடுத்த இரண்டு

இரண்டாவதாக, பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு என்ற செய்முறையைக் கௌதாரி வகை இறகுக்குப் பதில் பண்ணைக் காடையின் புள்ளியிட்ட முதுகிறகால் கட்டலாம். ஆரஞ்சுப் பட்டுநூலே உடல், அதன்முன் ஒன்றரைச் சுற்று இறகு, வேறொன்றுமில்லை. பட்டு நனைந்தால் கறுத்துவிடும் என்பதால் நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிர் நிறத்தை வாங்குங்கள். காடை இறகு குட்டை. 14ஆம் எண் முள்ளுக்கே பொருந்தும்.

சிறகு வைத்த கோச்மேன் போன்றவற்றுக்கு ஒரு மாதம் பொறுத்திருங்கள். வெள்ளை வாத்தின் இடச்சிறகிலிருந்து ஒரு பட்டையும் வலச்சிறகிலிருந்து ஒரு பட்டையும் சம அகலத்தில் எடுத்து, விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்தபடி நூலைத் தளர்வான கண்ணியாகப் போட்டு நேர்கீழே இறுக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கச் சிறகாக இருந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் முறுக்கிக்கொள்ளும்.

8. அனுமதி: கட்டத் தொடங்கும் அன்றே விண்ணப்பியுங்கள்

ஃப்ளை தயாரானபின் அனுமதி தேடத் தொடங்கினால் பருவம் கைநழுவும். இறகு காயும் வாரத்திலேயே இதையும் முடித்துக்கொள்ளுங்கள். ட்ரௌட் உள்ள நீர்நிலைகள் பலவும் காப்புக்காட்டுக்குள் இருப்பதால், மீன்பிடிக்க மீன்வளத் துறையிடமும் உள்ளே செல்ல வனத் துறையிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்று கையிலிருப்பதால் மற்றது கிடைத்ததாகப் பொருளில்லை. அவலாஞ்சி, மேல்பவானி, எமரால்டு எனக் கருதும் இடத்தின் பெயர், நாள், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் விண்ணப்பக் கடிதத்தில் எழுதுங்கள். ‘நீலகிரியில் மீன்பிடிக்க’ என்று பொதுவாக எழுதிக்கொண்டுபோன என் கடிதம் இரண்டு முறை திரும்பிவந்தது, தவறு என்னுடையதே. ஆதார் நகல் இரண்டும் புகைப்படம் இரண்டும் கையிலிருக்கட்டும். அன்றைய கட்டணத்தையும் அந்த நீர்நிலை அப்போது திறந்திருக்கிறதா என்பதையும் நேரில் கேட்டபின்பே தேதியை உறுதிசெய்யுங்கள். முக்குருத்தி தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் தூண்டிலோடு போக எண்ணவே வேண்டாம். சமவெளியிலிருந்து சொந்த வண்டியில் வருவோர் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையிலுள்ள இ-பாஸையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீன்பிடித்துத் திரும்பிய இரவு, நனைந்த ஃப்ளைகளைப் பெட்டிக்குள் அடைத்து மூடிவிடாதீர்கள். காலையில் முட்கள் துருப்பிடித்து, துருவின் கறை இறகிலும் ஏறியிருக்கும். செய்தித்தாளில் பரப்பி அடுப்புத் திண்ணையில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை பெட்டிக்கு மாற்றுங்கள்.